ரிப்போர்ட் நெகட்டிவ், எரிச்சல் மட்டும் போகவில்லை: பாலியல் தொற்றுக்கு எந்த டெஸ்ட்டை நம்புவது?

கேட்டிருந்தது இது: ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொண்ட நான்காம் நாள் ஒருவர் சிறுநீர் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) விடிஆர்எல் ரத்தப் பரிசோதனையும் கொடுத்திருக்கிறார், இரண்டும் நெகட்டிவ். ஆனால் பத்து நாளாகியும் சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கிறது, காலையில் எழுந்தால் உள்ளாடையில் லேசான கசிவு தெரிகிறது. பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) எடுக்கச் சொல்கிறார் ஒரு நண்பர், கல்ச்சரை மிஞ்சிய டெஸ்ட் கிடையாது என்கிறார் இன்னொருவர், ரத்தத்தில் முழுப் பேனல் பார்த்தால் எல்லாமே தெரிந்துவிடும் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வது சரி?

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல வருடம் சாம்பிள் பார்த்தவன் நான். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் பிழை எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை, உங்கள் எரிச்சலுக்கு என்ன காரணம் என்று அவற்றிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சாதாரண சிறுநீர் கல்ச்சர் இ.கோலை மாதிரியான சிறுநீர்ப்பைத் தொற்றுக் கிருமிகளைத் தேடுவது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்கள், அதைச் சாதாரண ஊடகத்தில் (கிருமி வளரும் உணவுக் கூழில்) தடவி ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்துப் பார்ப்பார்கள். பாலுறவில் தொற்றும் கொனோரியா கிருமி அந்த ஊடகத்தில் தலைதூக்காது. அதே வழியில் தொற்றும் கிளமிடியா எந்தத் தட்டிலுமே வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். விடிஆர்எல் சிபிலிஸ் என்ற இன்னொரு பாலியல் தொற்றுக்கு மட்டும்தான் பதில் சொல்லும், அதுவும் நான்காம் நாளில் ரத்தம் எடுத்தால் உடம்பு எதிர்ப்பொருளே (ஆன்டிபாடி) தயாரித்திருக்காது. ஆக நீங்கள் கையில் வைத்திருக்கும் 'நெகட்டிவ்' இரண்டும், உண்மையில் தேடாமல் விட்டது.

ஒற்றை வரியில் 'இதுதான் பெஸ்ட்' என்று என்னால் சொல்ல முடியாததற்கும் காரணம் இதுவே. எந்தக் கிருமி, உடம்பில் எந்த இடம், தொற்றி எத்தனை நாள் என்ற மூன்றில் ஒன்று மாறினாலும் சரியான டெஸ்ட் மாறிவிடும்.

மிகப் பழைய சோதனையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் நிலைமையில் அதுதான் அரை மணி நேரத்துக்குள் பதில் தரக்கூடியது. ஆல்பர்ட் நைசர் 1879-இல் கொனோரியா கிருமியை முதலில் கண்டதே சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துத்தான். இன்றும் கசிவைக் கண்ணாடியில் தடவி கிராம் சாயம் போட்டுப் பார்த்தால், வெள்ளை அணுக்களுக்குள்ளே சிவப்பாக, இரண்டு அவரை விதையை எதிரெதிரே வைத்தாற்போல ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும். கசிவு உள்ள ஆணிடம் இந்தச் சோதனை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்துவிடும், பார்த்துவிட்டுச் 'கொனோரியா' என்று சொன்னால் அநேகமாகத் தப்பாது. கிருமி தெரியவில்லை, ஆனால் வெள்ளை அணுக்கள் நிறைய இருக்கின்றன என்றால் அதுவும் ஒரு தகவல்தான். கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா (இன்னொரு கிருமி, பின்னால் வருகிறேன்) பக்கம் சந்தேகம் திரும்பும். ஆனால் இதே சோதனையைக் கருப்பை வாயில் எடுத்த ஸ்வாப்பில் (பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் சாம்பிள்) செய்தால் பாதிக்குப் பாதி நழுவிவிடும். தொண்டையில் செய்யவே கூடாது, அங்கே இதே உருவத்தில் நைசீரியா குடும்பத்தின் சாதுவான உறவினர்கள் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள். ஆணுக்குக் கசிவு இல்லாவிட்டாலும் இந்தச் சோதனை பலவீனமாகிவிடும்.

கல்ச்சர் பற்றி உங்கள் நண்பர் சொன்னது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. கொனோரியா கிருமி ஒரு தொட்டாற்சிணுங்கி. ஸ்வாப் காய்ந்தால் செத்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும், சில பஞ்சு ஸ்வாப்களில் உள்ள கொழுப்பு அமிலம்கூட அதற்கு ஆகாது. ரத்தத்தைச் சூடாக்கிப் பழுப்பாக்கிய 'சாக்லேட் அகர்' வேண்டும் (பெயரில் மட்டும்தான் சாக்லேட்), 35-37 டிகிரி சூடு, சுமார் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அக்கம்பக்கத்துக் கிருமிகளை அடக்கிவைக்க வான்கோமைசின், கோலிஸ்டின், நிஸ்டாட்டின் கலந்த தேயர்-மார்ட்டின் ஊடகம், இத்தனையும் சரியாக அமைந்தால் ஒன்று முதல் மூன்று நாளில் வளரும். சாயங்காலம் எடுத்த ஸ்வாப்பை மறுநாள் காலை வண்டியில் அனுப்பிவைத்து 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வாங்கிய கதைகள் எனக்கு ஏராளமாகத் தெரியும். நோயாளிக்கு நோய் இருந்திருக்கும், வழியில் கிருமிதான் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்படியானால் கல்ச்சர் எதற்கு இன்னும் இருக்கிறது? மருந்துக்காக. கிருமி இருக்கிறதா என்று பிசிஆர் நன்றாகவே சொல்லும், எந்த மருந்துக்கு அது சாகும் என்பதைச் சொல்ல உயிருள்ள கிருமி கையில் வேண்டும். கொனோரியா வரிசையாக ஒவ்வொரு மருந்தையும் தோற்கடித்துக்கொண்டே வந்த கிருமி. முதலில் சல்ஃபா, பிறகு 1976-இல் பென்சிலினை உடைக்கும் நொதியோடு வந்த வகைகள், அடுத்து சிப்ரோஃப்ளாக்சசின், அப்புறம் வாய்வழி செஃபாலோஸ்போரின்கள், 2009-இல் ஜப்பானின் கியோட்டோவில் செஃப்ட்ரியாக்சோனுக்கே கடுமையாக எதிர்த்து நின்ற ஒரு வகை. இன்று பெரும்பாலான இடங்களில் கையில் மிச்சமிருக்கும் முதன்மை மருந்து அந்த செஃப்ட்ரியாக்சோன் ஊசிதான். அதனால் கொனோரியா என்று தெரிந்ததும், மருந்து கொடுப்பதற்கு முன்னால், கல்ச்சருக்கு ஒரு ஸ்வாப் எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம். ஊசி போட்டும் குணமாகாதவருக்கு அது வழக்கம் என்ற அளவில் நிற்காது, கட்டாயம். சிப்ரோஃப்ளாக்சசின் வேலை செய்யுமா என்பதை மட்டும் கைரேஸ் (அந்த மருந்து தாக்கும் நொதி) மரபணுவின் ஓர் இடத்தைப் பார்த்து மூலக்கூறு சோதனையிலேயே ஊகித்துவிடலாம்; மற்ற மருந்துகளுக்கு அவ்வளவு எளிய குறுக்குவழி நடைமுறையில் வரவில்லை.

சரி, பிசிஆர். ஆய்வகத்தில் இதன் பொதுப்பெயர் 'நாட்', அதாவது நியூக்ளிக் அமிலப் பெருக்கச் சோதனை. பிசிஆர் அதில் ஒரு வகை. கிருமியின் மரபணுவில் ஒரு சின்னத் துண்டை மட்டும் குறிவைத்து அதை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குவது. ஒரே ஒரு துண்டு முப்பது சுற்று முடிந்தால் நூற்று ஏழு கோடியைத் தாண்டும், இல்லாததைப் பெருக்க முடியாது, இருப்பது எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். வேறு சில கருவிகள் டிஎன்ஏவை விட்டுவிட்டு ரைபோசோம் ஆர்என்ஏவைப் பிடிக்கின்றன, ஒரு கிருமிக்குள் அது ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஆரம்பமே பெரிய எண்ணிக்கை. கிளமிடியாவில் இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாகத் தெரியும்: செல் கல்ச்சர் பத்தில் ஆறு முதல் எட்டுப் பேரைப் பிடித்தது, அதன் பிறகு வந்த, கிருமியின் மேற்பொருளைத் தேடும் எலைசா வகை ஆன்டிஜன் சோதனைகள் அதைவிடவும் மோசம், நாட் வந்த பிறகு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு அருகே போய்விட்டது. உதிர்ந்த கிருமியாக இருந்தாலும் போதும், வழியில் செத்தாலும் பரவாயில்லை, கொனோரியாவையும் கிளமிடியாவையும் ஒரே சாம்பிளில் பார்த்துவிடலாம். கிளமிடியா உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது என்பதால், அறிகுறி இல்லாதவரிடமும் தேடத் தெரிந்த டெஸ்ட் இதுதான் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கார்டில் இரண்டு கோடு காட்டும் பழைய தலைமுறைத் துரிதச் சோதனைகள் கிளமிடியாவுக்கு விற்கப்படுகின்றன. பாசிட்டிவ் வந்தால் யோசிக்கலாம், நெகட்டிவ் வந்தால் அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நாட் எடுங்கள். இப்போது ஒரு கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே எல்லாம் முடிந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பதில் தரும் நாட் கருவிகளும் இருக்கின்றன, அவற்றை அந்தக் கார்டுகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாட் எவ்வளவு உசத்தி என்றாலும் சாம்பிள் தப்பினால் தப்பியதுதான். ஆணுக்கு, குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்து, முதலில் வரும் 20-30 மில்லியைத்தான் பிடிக்க வேண்டும். கிருமி உட்கார்ந்திருப்பது சிறுநீர்த்தாரையின் சுவரில், முதல் வீச்சு அதைக் கழுவிக்கொண்டு வரும். கல்ச்சருக்குச் சொன்ன மாதிரியே நடுவில் பிடித்துக்கொடுத்தாலும் சரி, டப்பா நிறைய நிரப்பிக்கொடுத்தாலும் சரி, அது நீர்த்துப்போய்விடும். நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான், நோயாளி மீது குற்றமும் இல்லை, டப்பாவை நீட்டுகிறவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பெண்ணுக்கு சிறுநீர் இரண்டாம் பட்சம், பத்து சதவீதம் வரை குறைவாகப் பிடிக்கும். யோனி ஸ்வாப்தான் நல்லது, அதை அவரே தனியாக எடுத்துக்கொடுத்தாலும் மருத்துவர் எடுத்ததற்கு இணையாகவே வேலை செய்கிறது என்பது பலமுறை பரிசோதித்து உறுதியான விஷயம். இது தெரியாமல், மருத்துவர் முன் படுக்க வேண்டுமே என்ற கூச்சத்திலேயே டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய.

அடுத்தது இடம். வாய்வழி உறவு இருந்தால் தொண்டை, ஆசனவாய் உறவு இருந்தால் மலக்குடல். அங்கே மட்டும் தொற்று இருந்து சிறுநீர் சுத்தமாக இருப்பது சர்வ சாதாரணம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும், அதனால் 'எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன்' என்று சொல்கிறவரிடம் நான் முதலில் கேட்பது, எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைத்தான். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொன்னால்தான் அந்த இடத்து ஸ்வாப் எடுப்பார்கள். கருவிகளே இதில் தாமதமாகத்தான் வந்தன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தொண்டைக்கும் மலக்குடலுக்கும் இந்தச் சோதனைகளை முறையாக அனுமதித்ததே 2019-இல்தான், அதுவரை ஆய்வகங்கள் சொந்தமாகச் சரிபார்த்துச் செய்துகொண்டிருந்தன. தொண்டையில் இன்னொரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன நைசீரியா உறவினர்கள் சில பழைய பிசிஆர் கருவிகளையும் ஏமாற்றியிருக்கிறார்கள், ஆகவே தொண்டையில் கொனோரியா பாசிட்டிவ் வந்தால் வேறொரு மரபணுத் துண்டைக் குறிவைக்கும் இரண்டாவது சோதனையால் உறுதிசெய்வது வழக்கம். மலக்குடலில் கிளமிடியா பாசிட்டிவ் வந்து வலியும் ரத்தமும் இருந்தால் அது எல்ஜிவி என்ற கடுமையான வகையா என்று தனியாகப் பார்க்க வேண்டும், சிகிச்சை அதற்கு மூன்று வாரம் போகும்.

குறிவைப்பது என்றேன் இல்லையா, அதன் ஆபத்துக்கு ஒரு நல்ல உதாரணம் சுவீடனில் நடந்தது. 2006-இல் ஹாலந்து என்ற மாவட்டத்தில் கிளமிடியா எண்ணிக்கை திடீரென்று குறைந்தது. மக்கள் திருந்திவிட்டார்கள் என்று யாரும் நம்பவில்லை. தோண்டிப் பார்த்தால், கிருமியின் பிளாஸ்மிடில் (தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம்) 377 மரபணு எழுத்துகள் காணாமல் போன ஒரு புது வகை பரவிக்கொண்டிருந்தது, அந்த எழுத்துகளைத்தான் சந்தையில் முன்னணியில் இருந்த இரண்டு கருவிகள் தேடிக்கொண்டிருந்தன. டெஸ்ட் எல்லோருக்கும் நெகட்டிவ் சொன்னது, கிருமி நிம்மதியாக ஊர்வலம் போனது. வேறு பகுதியைத் தேடும் கருவி வைத்திருந்த மாவட்டங்களில் எண்ணிக்கை குறையவில்லை, அதனால்தான் குட்டு வெளிப்பட்டது. பிறகு 2019-இல் பின்லாந்திலும் இதே கதை, இந்த முறை ரைபோசோம் ஆர்என்ஏவில் ஒற்றை எழுத்து மாறியதிலேயே இன்னொரு பிரபல கருவி ஏமாந்தது. அதற்குப் பிறகு தயாரிப்பாளர்கள் ஒன்றுக்கு இரண்டு இடங்களைக் குறிவைக்க ஆரம்பித்தார்கள். உங்களுக்கு இது நடந்திருக்கும் என்று சொல்லவரவில்லை, மிகமிக அபூர்வம். ஆனால் அறிகுறி ஒரு பக்கமும் ரிப்போர்ட் ஒரு பக்கமும் இழுத்தால் வேறு கருவியில் மறுபடி பார்க்கச் சொல்லும் மருத்துவர் கிறுக்குத்தனமாக எதுவும் செய்யவில்லை.

மறுபக்கமும் உண்டு, இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்வது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயுள்ளவரில் நூற்றுக்கு 98 பேரைப் பிடிக்கும், நோயில்லாதவரில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் தப்பாகக் கைகாட்டும் டெஸ்ட் ஒன்று. ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய் உள்ள கூட்டத்தில் அதைப் போட்டால் 98 உண்மையான பாசிட்டிவ், 9 பொய், ரிப்போர்ட்டை நம்பலாம். அதே டெஸ்ட்டை ஆயிரத்தில் பத்து பேருக்கு மட்டும் நோய் உள்ள கூட்டத்தில் போட்டால் ஏறக்குறைய 10 உண்மை, 10 பொய். டெஸ்ட் மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை, பாசிட்டிவ் என்ற சொல்லின் எடை பாதியாகிவிட்டது. எந்த அபாயமும் இல்லாதவர் 'சும்மா ஒரு செக்கப்' என்று பேனல் எடுத்து, பாசிட்டிவ் வந்து, வீட்டில் பூகம்பம் வெடித்த பிறகு மறுபரிசோதனையில் நெகட்டிவ் வந்த சங்கடங்கள் இப்படித்தான் நடக்கின்றன. அறிகுறியும் அபாயமும் உள்ள உங்களுக்கு இந்தக் கவலை குறைவு.

பேனல் என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்போது பத்துப் பன்னிரண்டு கிருமிகளை ஒரே குழாயில் பார்க்கும் பிசிஆர் பேனல்கள் வந்துவிட்டன. அதில் யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ், கார்ட்னெரெல்லா எல்லாம் இருக்கும், இவை நோயே இல்லாதவர்களிடமும் சகஜமாக வாழ்கிறவை. பாசிட்டிவ் என்று சிவப்பு எழுத்தில் வந்ததும் ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிடுகிறார்கள், கணவன் மனைவிக்குள் சந்தேகமும் கூடவே ஆரம்பித்துவிடும். அறிகுறி இல்லாதவர்களிடம் இவற்றைத் தேடவே வேண்டாம் என்று ஐரோப்பிய நிபுணர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் அதே கருத்துதான். பெயரில் ஒட்டி வரும் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் மட்டும் வேறு ஆள். லண்டனில் சிறுநீர்த்தாரை அழற்சியோடு வந்த 13 ஆண்களில் இரண்டு பேரிடம் 1980-இல் கண்டுபிடித்தார்கள். செல் சுவரே இல்லாததால் கிராம் சாயத்தில் தெரியாது, கல்ச்சரில் வளர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும், ஆகவே நாட் தவிர வேறு வழியில்லை. கொனோரியாவும் கிளமிடியாவும் இல்லை, எரிச்சல் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் தேட வேண்டியது இதை. அசித்ரோமைசினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று அதே சாம்பிளில் 23எஸ் மரபணுவையும் பார்த்துச் சொல்லும் கருவி கிடைத்தால் அதையே கேளுங்கள், எதிர்ப்பு இப்போது அவ்வளவு பரவலாகிவிட்டது.

சிபிலிஸுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். கொனோரியா, கிளமிடியாவுக்கு ரத்தப் பரிசோதனை உதவாது (கிளமிடியா ஐஜிஜி, ஐஜிஎம் என்று விற்கப்படும் எதிர்ப்பொருள் சோதனை பழைய தொற்றா புதிய தொற்றா என்று பிரித்துச் சொல்லாது, சுவாசத்தில் வரும் கிளமிடியா வகையோடும் குழம்பும், காசைத் தண்ணீரில் போடுவதுதான்), சிபிலிஸுக்கோ ரத்தம்தான் பிரதானம். அந்தக் கிருமியைத் தட்டில் வளர்க்க முடியாது. நூறாண்டுக்கு மேல் முயலின் உடம்பில்தான் உயிரோடு வைத்திருந்தார்கள், முயல் செல்களோடு சேர்த்துக் குடுவையில் நீண்ட நாள் வளர்க்க முடிந்ததே 2018-இல்தான். புண் இருந்தால் அதிலிருந்து கசியும் நீரை உடனடியாக இருட்புல மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுருள் நெளிவது தெரியும், அதைப் பார்க்கத் தெரிந்த கண்கள் இப்போது அருகிவிட்டன. புண்ணிலிருந்து பிசிஆர் எடுப்பது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. மற்ற எல்லோருக்கும் எதிர்ப்பொருள் சோதனைதான்.

எதிர்ப்பொருள் சோதனையில் இரண்டு குடும்பம் இருக்கிறது, குழப்பம் முழுவதும் அங்கேதான். விடிஆர்எல், ஆர்பிஆர் ஒரு குடும்பம். இவை கிருமியைத் தேடுவதே இல்லை! 1906-இல் வாசர்மன் குழு (அதே நைசரும் அதில் இருந்தார்) பிறவிச் சிபிலிஸால் இறந்த சிசுக்களின் ஈரலிலிருந்து எடுத்த சாற்றை வைத்து முதல் ரத்தச் சோதனையைச் செய்தது, அதில் கிருமி இருப்பதால்தான் வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். கொஞ்ச நாளில் பார்த்தால் நோயே இல்லாத மாட்டு இதயத்தின் சாறும் அதே வேலையைச் செய்தது. அதிலிருந்த கொழுப்புப் பொருளை மேரி பாங்பார்ன் 1941-இல் பிரித்தெடுத்தார், அதுதான் கார்டியோலிப்பின். 1946-இல் வந்த விடிஆர்எல் சோதனை அதையும் லெசித்தினையும் கொலஸ்டிராலையும் கலந்து செய்தது. அதாவது செல்கள் சிதையும்போது உடம்பு காட்டும் எதிர்வினையைத்தான் இவை அளக்கின்றன. அதனால்தான் கர்ப்பம், லூபஸ், மலேரியா, தொழுநோய், முதுமை எதிலும் பொய்யாகப் பாசிட்டிவ் வரலாம், பெரும்பாலும் 1:8-க்குக் கீழே குறைந்த அளவில் (ரத்தத்தை எட்டு மடங்கு நீர்க்கச்செய்தும் பாசிட்டிவ் வந்தால் அது 1:8). இன்னொரு குடும்பம் டிபிஹெச்ஏ, டிபிபிஏ, எஃப்டிஏ-ஏபிஎஸ், இயந்திரத்தில் செய்யும் சிஎல்ஐஏ; இவை கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. துல்லியம் அதிகம், ஆனால் சிகிச்சை முடிந்து குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். இருபது வருடத்துக்கு முன்னால் ஊசி போட்டுக் குணமானவரை இன்றைய டிபிஹெச்ஏவை மட்டும் காட்டி நோயாளி என்று பயமுறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இரண்டும் பாசிட்டிவ் என்றால் சிபிலிஸ், இப்போதையதா பழையதா என்பதை அளவும் பழைய ரிப்போர்ட்டும் சொல்லும். விடிஆர்எல் மட்டும் பாசிட்டிவ், டிபிஹெச்ஏ நெகட்டிவ் என்றால் அநேகமாகப் பொய் அலாரம். டிபிஹெச்ஏ மட்டும் பாசிட்டிவ் என்றால் குணமான பழைய தொற்றாக இருக்கலாம், நாட்பட்ட தொற்றாக இருக்கலாம், மிக ஆரம்ப நிலையாகவும் இருக்கலாம், ஏனென்றால் முதல் கட்டப் புண் இருக்கும்போது விடிஆர்எல் நான்கைந்தில் ஒருவரைத் தவறவிடும். முன்பு விடிஆர்எல்லில் ஆரம்பித்து டிபிஹெச்ஏவால் உறுதிசெய்தார்கள். இயந்திரம் உள்ள பெரிய ஆய்வகங்கள் இப்போது சிஎல்ஐஏவில் ஆரம்பித்து ஆர்பிஆருக்கு வருகின்றன, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டிபிபிஏ என்று மூன்றாவதாக ஒன்று. எனக்கு இந்தப் புதிய வரிசைதான் பிடிக்கும், ஆரம்ப நிலையும் நாட்பட்ட நிலையும் அதில் குறைவாகத் தவறும், கொஞ்சம் கூடுதலாகப் பொய் பாசிட்டிவைச் சமாளிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

குணமாகிறதா என்று பார்ப்பது மட்டும் விடிஆர்எல், ஆர்பிஆரின் தனி உரிமை. 1:32 இருந்தது 1:8-க்கு இறங்கினால், அதாவது நான்கு மடங்கு குறைந்தால், மருந்து வேலை செய்திருக்கிறது. 1:32 என்பது 1:16 ஆனதற்குச் சந்தோஷமும் பட வேண்டாம், 1:16 என்பது 1:32 ஆனதற்கு அழவும் வேண்டாம், ஒரு படி வித்தியாசம் சோதனையின் கைநடுக்கம்தான். முக்கியமாக ஒரே சோதனையை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள், விடிஆர்எல் எண்ணை ஆர்பிஆர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. இன்னொரு விசித்திரம்: இரண்டாம் கட்டத்தில் எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தால் திரட்டு உருவாகாமல் சோதனை நெகட்டிவ் காட்டும், ரத்தத்தை நீர்க்கச்செய்து பார்த்தால்தான் பாசிட்டிவ் வரும். உள்ளங்கையில் தடிப்போடு வருகிறவருக்கு நெகட்டிவ் என்றால், நீர்த்துப் பார்த்தீர்களா என்று ஆய்வகத்தைக் கேட்காமல் விடக்கூடாது.

நாள் கணக்கு. கொனோரியாவும் கிளமிடியாவும் அறிகுறி இருந்தால் இன்றே பார்க்கலாம், காத்திருக்க வேண்டாம்; அறிகுறி இல்லாதவர் தொடர்பு நடந்து இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. சிபிலிஸ் புண் வரவே சராசரியாக மூன்று வாரம், சில நேரம் தொண்ணூறு நாள்வரை ஆகும், எதிர்ப்பொருள் அதற்கும் பின்னால்தான், ஆகவே மூன்று மாதம் முடிந்து வரும் நெகட்டிவைத்தான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பின் அவசரப்பட்டு நாட் எடுப்பதும் தவறு. செத்த கிருமியின் மிச்சங்கள் மூன்று நான்கு வாரம்வரை பாசிட்டிவ் காட்டும், மருந்து தோற்றுவிட்டது என்று எண்ணி இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் விழுங்குகிறவர்கள் உண்டு. தொண்டைக் கொனோரியாவுக்கு மட்டும் ஒன்றிரண்டு வாரத்தில் கட்டாயம் மறுபடி பார்க்கச் சொல்வார்கள், அங்கே மருந்து சரியாகப் போய்ச் சேராது. மற்றபடி மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்ப்பது துணையிடமிருந்து திரும்பத் தொற்றியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

இப்போது உங்களுக்கு. கசிவு இருக்கும்போதே, சிறுநீர் போவதற்கு முன், பால்வினை நோய்ப் பிரிவு உள்ள இடத்தில் போய் கிராம் ஸ்மியர் எடுக்கச் சொல்லுங்கள். கூடவே முதல் வீச்சு சிறுநீரில் கொனோரியா, கிளமிடியா நாட். கிருமி ஸ்மியரில் தெரிந்தால் ஊசிக்கு முன் கல்ச்சர் ஸ்வாப். வாய்வழி உறவு இருந்திருந்தால் தொண்டை ஸ்வாப்பும் கேளுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். சிபிலிஸுக்கு இன்று ஒரு ரத்தம், மூன்று மாதம் முடிந்து இன்னொன்று, அதே நாளில் எச்ஐவியும். இரண்டு வாரத்தில் எல்லாம் நெகட்டிவ் வந்து எரிச்சல் மிச்சமிருந்தால் அப்போது மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம். இடையில் யாராவது கொடுத்த ஆன்டிபயாடிக் நான்கு மாத்திரை விழுங்கியிருந்தீர்கள் என்றால், பெயரும் தேதியும் சொல்லிவிடுங்கள். கல்ச்சர் அதனாலேயே பொய்த்துவிடும், ஸ்மியரில் கிருமி மறைந்திருக்கும், நாட் மட்டும்தான் அந்த நிலையிலும் கொஞ்ச நாளைக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.